தாரில் எழுதிய பெயர்

அத்தியாயம் 14: ஒற்றை ஓட்டு

போன வாரம் நீலாவதியைக் கொல்லைக் கதவருகே, கையில் ஒரு துண்டுச் சீட்டோடு நிறுத்திவிட்டு வந்தோம். ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாள், பாவம். முதலில் அவளை நகர்த்துவோம்.

அதற்கு முன், புதிதாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. செஞ்சி கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் கோதண்டராமனுக்கு ஜெயராமன் என்று ஒரு தம்பி இருந்தான். அறுபத்திரண்டாம் வருஷத் தேர்தலில் தராசுச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றான். அண்ணனோ ஆளுங்கட்சி வேட்பாளரான ரைஸ் மில்லுக்காரருக்கு ஏஜெண்டு. தம்பியிடம் ஜீப்பும் இல்லை, மைக்கும் இல்லை. ஒரு டின் தார் வாங்கிச் சுவர்களில் தன் பெயரைத் தானே எழுதினான். கடை வாசலில் ஒரு சிலேட்டுப் பலகையை மாட்டி, அன்றன்று தேர்தலுக்குச் செலவழித்ததைச் சாயங்காலத்தில் எழுதி வைத்தான். மற்றவர்களும் இப்படி எழுதி மாட்டட்டும் என்று கேட்டான். ஊர் சிரித்தது.

ஓட்டு எண்ணியபோது அவன் சொந்தத் தெருப் பூத்தில் அவனுக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. அது அவனே போட்டுக்கொண்டது, பெண்டாட்டிகூடப் போடவில்லை என்று கடைத்தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டது. மறுநாள் மத்தியானம் அவன் ராஜகிரிக் கோட்டைப் படிகளுக்குக் கீழே செத்துக் கிடந்தான். வழுக்கி விழுந்தான் என்று போலீஸ் எழுதியது. குதித்தான் என்று ஊர் பேசியது.

நீலாவதி அவனுடைய மனைவி. அவள் அவனுக்குப் போடவில்லை என்பது நிஜம். "தம்பி சமாதானமாயிட்டான், மில்லுக்காரருக்கே போடச் சொல்லிட்டான்" என்று மூத்தார் கோதண்டராமன் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லி அனுப்பினார். கேட்டுத் தெரிந்துகொள்ளக் கணவன் வீட்டில் இல்லை. ஓட்டு நாளன்று விடிவதற்கு முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு தொண்டூர்ப் பக்கம் போய்விட்டான். நம்பிப் போட்டாள். இதோ, ஐந்து வருஷம் ஆகிறது.

இப்போது அறுபத்தேழு. மறுபடியும் தேர்தல். ஓட்டுக்கு இன்னும் ஒன்பது நாள்.

சீட்டைக் கொடுத்தவள் மனோரமா, கோதண்டராமனின் ஒரே மகள். வாத்தியார் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறாள். சென்னைப் பத்திரிகை ஒன்று ஊருக்கு ஒரு தெருவில் ஜனங்களின் எண்ணத்தைக் கேட்டு எழுதச் சொல்லி வாசகர்களை அழைத்திருந்தது. அவள் கடைத்தெருவை எடுத்துக்கொண்டாள். ஆளுக்கு ஒரு சீட்டு. மடித்து பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டியது.

"பேரு எழுத வேணாம் சித்தி. யாரு ஜெயிக்கணும்னு நெனைக்கிறியோ அத்த மட்டும் எழுது. மில்லுக்காரரா, வக்கீலா."

வக்கீல் என்றால் எதிர்க்கட்சி வேட்பாளர்.

"வேற யார் பேரையாச்சும் எழுதலாமா?" என்று நீலாவதி கேட்டாள்.

"வேற யாரு நிக்கிறாங்க?"

மனோரமா டின்னை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குச் சீட்டுக் கொடுக்கப் போனாள்.

போன வாரம் நாம் பார்த்தது இதுவரைதான். இப்போது நீலாவதி பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, சீட்டைக் கதவின் மேலேயே வைத்து எழுதினாள். 'ஜெயராமன். தராசு.' நாலாய் மடித்து டின்னில் போட்டு மூடியை அழுத்தினாள். அந்தச் சத்தம் கேட்டு அவளுக்குத் திக்கென்றது. அன்றைக்கு ஓட்டுப் பெட்டியில் சீட்டை விட்டபோது சத்தமே கேட்கவில்லை.

எண்ணி முடித்த அன்று சாயங்காலம் ஜெயராமன் எப்படி வீட்டுக்கு வந்தான் என்பது அவள் கண்ணை விட்டுப் போகவே இல்லை. கையில் மல்லிகைப்பூப் பொட்டலம். நன்றாகச் சாப்பிட்டான். ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டான். கை கழுவி வந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "நீ ஒருத்தி போதும் நீலா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இவருக்குத் தெரிந்துவிட்டது, கத்தாமல் குத்துகிறார் என்று நினைத்தாள். தண்ணீர் எடுக்கும்போது, அரிசி களையும்போது, கண்ணை மூடும்போது, எந்நேரமும் அந்த ஐந்து வருஷத்துக் குரல் அவள் காதுக்குள்தான் இருந்தது.

*

கடையின் பக்கச் சுவர்தான் பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிறவர்களின் கண்ணில் முதலில் படும். மில்லுக்காரர் பெயரை அதில் எழுத வேண்டும் என்று காலையிலேயே வெள்ளையடிக்கிற மங்கையை வரவழைத்துச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருந்தார் கோதண்டராமன். இரண்டு பூச்சு ஆகியிருந்தது. சுவர் பளிச்சென்று கண்ணைக் கூசவைத்தது.

"இன்னா மங்க, காஞ்சிடுச்சா?"

"காயும் மொதலாளி. ஆனா உள்ள தாரு இருக்குதே. தார சுண்ணாம்பு மூடாது. வெயில் ஏறினா ஊறிக்கினு வெளிய வந்துடும்."

"ரெண்டு பூச்சு அடிச்சும் வருமா?"

"வருஷா வருஷம் தீவாளிக்கு நான்தான் அடிக்கிறேன். கார்த்திகைக்குள்ள வந்துடுது. நீங்களும் பாத்துக்கினுதான் இருக்கீங்க." மங்கை மட்டையை வாளியில் தோய்த்தாள். "கொத்திப் பேத்துட்டுப் புதுசா பூசினாத்தான் போவும்."

கொத்திப் பேர்க்கும் பேச்சை மட்டும் கோதண்டராமன் எப்போதும் காதில் வாங்குவதில்லை. இந்தத் தடவையும் வாங்கவில்லை.

"மூணாவது பூச்சு அடி" என்றார்.

"அடிக்கிறேன். எனக்கு இன்னா, கூலி குடுக்கப் போறீங்க."

பத்து மணிக்கு வெயில் சுவரில் விழுந்தது. பத்தரைக்கு நடுச் சுவரில் டீ சிந்திய மாதிரி ஒரு கறை. மனோரமா டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தவள் அதைப் பார்த்துவிட்டு ஒரு கணம் நின்றாள். சித்தப்பா எழுத்தில் எல்லாமே கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். கறையும் சாய்ந்திருந்தது.

"நாப்பது பேரக் கேட்டுட்டு தாலுக்காவே சொல்லிட்ட மாதிரி பத்திரிகைக்கு எழுதப் போறியா?" என்றார் கோதண்டராமன், டின்னைப் பார்த்து.

"நாப்பத்தொண்ணு நைனா."

"பெரிய வித்தியாசம்."

"நீங்க பதினஞ்சாயிரத்துல ஜெயிப்போம்னு நேத்து மேடையில சொன்னீங்களே, அது எத்தினி பேரக் கேட்டது?"

"அனுபவம்மா அது."

"அந்த அனுபவத்த எண்ணிப் பாக்க முடியாதே. இத்த எண்ணலாம்."

"எண்ணி? வக்கீல் கட்சிக்கு ரெண்டு கைதட்டு வாங்கிக் குடுக்கலாம். ஜனங்க அதப் படிச்சிட்டு, ஜெயிக்கிற பக்கமே போவோம்னு அங்க சாஞ்சிடுவாங்க. இது கணக்கு எடுக்கிறது இல்ல, ஓட்டுக் கேக்கிறது."

"அப்போ உங்க பதினஞ்சாயிரம் மட்டும் இன்னாவாம்?"

பதில் இல்லாதபோது எல்லா அப்பாக்களும் செய்வதைக் கோதண்டராமனும் செய்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார்.

"எண்ணும்போது நீங்களும் உக்காருங்க" என்றாள் மனோரமா. "அப்பால என் மேல பழி சொல்லக்கூடாது."

*

மத்தியானம் கடையில் கூட்டம் குறைந்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்துச் சீட்டுகளைக் கொட்டினார்கள். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவு ஒருக்களித்திருந்தது. அதற்குப் பின்னால் நீலாவதி நின்றாள். மூத்தாருக்கு எதிரில் நிற்பதோ பேசுவதோ அந்த வீட்டில் வழக்கமில்லை. வாழ்க்கைப்பட்டு வந்த பதினோரு வருஷத்தில் அவள் அவரோடு நேராகப் பேசியது கிடையாது. சொல்ல வேண்டியது எதுவானாலும் அவர் மனைவி, ஓரகத்தி ராஜாம்பாள் வழியாகத்தான்.

வக்கீலுக்கு இருபத்து மூன்று. மில்லுக்காரருக்குப் பதினேழு. மனோரமாவின் முகத்தில் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அப்பா இருக்கிறாரே என்று அடக்கிக்கொண்டாள்.

ஒரு சீட்டு பாக்கி இருந்தது. பிரித்தாள். வாய்விட்டுப் படிக்கவில்லை.

"இன்னாது? குடு இப்படி."

கோதண்டராமன் வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். கடையில் மிளகாய் நெடியும் வெல்ல வாசனையும் எப்போதும்போல இருந்தன. அவர் நெற்றியில் மட்டும் வேர்வை பொடித்தது.

"ஒண்ணு" என்றார். "மறுபடியும் ஒண்ணு."

சித்தியின் கையெழுத்து மனோரமாவுக்குத் தெரியாதா என்ன? வண்ணான் கணக்கு எழுதுவதே சித்திதான். ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை. "யாரோ வெளையாட்டா எழுதியிருக்காங்க. செல்லாததுல போட்டுடறேன் நைனா."

"செல்லாதுன்னு எழுதாத."

"பின்ன?"

"மத்தவங்க ஒண்ணுன்னு எழுது. வந்தத வந்த மாதிரி எழுதணும்னு நீதான சொன்னே."

நாற்பது சீட்டுகளும் டின்னுக்குத் திரும்பின. அந்த ஒன்றை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னாலிருந்து நீலாவதி அதைப் பார்த்தாள். கிழித்துப் போடுவார் என்று நினைத்திருந்தாள். ஏன் போடவில்லை என்பது அவளுக்கு விளங்கவில்லை.

வெளியே மூன்றாவது பூச்சையும் மீறி 'ஜெ' தெரிந்தது.

*

நாலு மணிக்கு வணிகர் சங்கக் கட்டடத்தில் கூட்டம். கூட்டியவர் சங்கச் செயலாளர் ஜகபர் அலி. சைக்கிள் கடை வைத்திருக்கிறார். இரண்டு கட்சித் தொண்டர்களும் அவர் சைக்கிளில்தான் சுற்றுகிறார்கள், அதனால் இரண்டு பேருக்குமே அவர் எதிரி இல்லை. ஜெயராமனுக்குச் சின்ன வயதுத் தோழர். நன்கொடை என்று இரண்டு கட்சியும் கடை கடையாக ஏறி இறங்கியதில் வியாபாரிகள் அலுத்துப் போயிருந்தார்கள். கொடுத்த காசு எந்த வழியில் போகிறது என்று ஒவ்வொரு கட்சியும் தினம் தினம் பலகையில் எழுதி மாட்ட வேண்டும், மாட்டாதவர்களுக்கு நன்கொடை கிடையாது என்று தீர்மானம் கொண்டுவரப் போவதாகப் பேச்சு.

கோதண்டராமன் ஆளுங்கட்சிப் பக்கம் பேசப் போனார். மனோரமா டின்னோடு போனாள். நீலாவதி போகவில்லை. வெள்ளைப் புடவை கட்டியவள் சங்கக் கட்டடத்துக்குப் போனால் அதற்கும் கடைத்தெரு ஒரு தீர்ப்பு வைத்திருக்கும். ஆனால் போக வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கடைக்கு எதிரே இருந்த கரண்டுக் கம்பத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள். ராஜாம்பாளும் அவளும் கூடத்தில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டே கேட்டார்கள்.

முதலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ரங்கநாதன் பேசினார். வக்கீலின் ஏஜெண்டு அவர்தான்.

"மில்லுக்காரருக்கு ஓடுற ஜீப்பு பதினொண்ணு. கணக்குல காட்டப் போறது ரெண்டு. மீதி ஒம்பதும் தண்ணியிலயா ஓடுது? பெட்ரோல் யாரு காசு?"

கைதட்டல். கோதண்டராமன் குரல் வந்தது. "வக்கீலுக்கு ஊருக்கு ஊரு நாடகம் போடறாங்களே, அந்தக் கொட்டகை, அந்த லைட்டு, அந்த ராஜா வேஷத்து ஜரிகைத் துணி, அதெல்லாம் தொண்டர் அன்புல மொளைச்சிதா? அது எந்தக் கணக்குல வருதுன்னு ரங்கநாதன் டைப் அடிச்சிக் குடுக்கட்டும்."

இந்தப் பக்கம் கைதட்டல்.

"சட்டத்துல வரம்பு இருக்குது" என்று அவர் தொடர்ந்தார். "ஓட்டு முடிஞ்சதும் எல்லாரும் கணக்குக் குடுக்கிறோம். அப்பால பலக எதுக்கு?"

"முடிஞ்சப்பறம் குடுக்கிற கணக்க யாரு பாக்கிறா அண்ணே?" என்று ஜகபர் அலி கேட்டார். "அது ஆபீசு பீரோவுல போய்ப் படுத்துக்கும். போடறவனுக்குப் போடறதுக்கு முன்னால தெரியணும்."

ரங்கநாதன் எழுந்து, பலகை அவசியமில்லை என்று தானும் கருதுவதாகச் சொன்னார். அன்று சாயங்காலம் இரண்டு கட்சியும் ஒற்றுமையாக இருந்த ஒரே இடம் அதுதான்.

நடுவில் மனோரமா தன் கணிப்பைப் படித்தாள். இருபத்து மூன்று என்றதும் ஒரு பக்கம் விசில். பதினேழு என்றதும் இன்னொரு பக்கம் "புளுகு, புளுகு" என்று சத்தம். அவள் குரல் அந்தச் சத்தத்துக்குள் நிதானமாகவே வந்தது. "மத்தவங்களுக்கு ஒண்ணு." அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு குழாயில் சரசரவென்று ஏதோ பிரிக்கும் சத்தம் கேட்டது.

"இது சிலேட்டு" என்றார் ஜகபர் அலி. "ஜெயராமன் கடை வாசல்ல மாட்டியிருந்த சிலேட்டு. அவன் போனப்பறம் கழட்டிக்கினு போயிடுன்னு கோதண்டம் அண்ணன்தான் என்கிட்ட குடுத்தாரு. அழிக்காம சாக்குல சுத்தி வெச்சிருந்தேன். ஓட்டுப் போட்ட அன்னிக்கி அவன் எழுதினது இன்னும் இருக்குது. படிக்கிறேன்."

நீலாவதியின் கை புளியில் நின்றது.

"டீ ரெண்டு, பதினாறு காசு. பஞ்சர் ஒட்டினது இருவது காசு. மோர் அஞ்சி காசு. கீழ இன்னொரு வரி. 'ஓட்டு ஒன்று. எனக்கு இல்லை.'"

ஜகபர் அலி சிலேட்டை மேஜைமேல் வைக்கும் சத்தம் குழாயில் கேட்டது.

"எழுதும்போது நான் பக்கத்துல இருந்தேன். 'டேய், உனக்கே போட்டுக்கலையா'ன்னு கேட்டேன். 'எடை போடறவன் தட்டுல கைய வெக்கலாமாடா'ன்னான். யாருக்குப் போட்டான்னு சொல்லல. போட்ட ஓட்டையும் செலவுல எழுதிட்டான், அம்புட்டுதான். இத்தன நாளு நான் வாயத் தொறக்கல. செத்தவன் பேர வெச்சிக் கூட்டம் சேக்கக் கூடாதுன்னு இருந்தேன். இன்னிக்கிப் பலக வேணாம்னு ரெண்டு பேரும் சொல்லிட்டீங்க, அதனால சொல்றேன்." ஜகபர் அலியின் குரல் உயர்ந்தது. "அவன் தனக்குப் போட்டுக்கலைன்னா, அந்தப் பூத்துல விழுந்த ஒரு ஓட்டு யாருது? வீட்டுக்காரம்மாவுது. வேற யாருது இருக்கும்? அந்த அம்மாவ இந்தக் கடைத்தெரு இன்னா பேச்சுப் பேசுச்சி. இப்போ சொல்லுங்க."

முதலில் ஒருவர் தட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். மழை கொட்டிய மாதிரி இருந்தது.

ராஜாம்பாள் முறத்தைத் தள்ளிவிட்டு நீலாவதியைக் கட்டிக்கொண்டாள். "நீயாடி? நீதானா? அஞ்சி வருஷமா ஊரு வாயில வுழுந்தியே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

எதிர்வீட்டுப் பெண்கள் வாசலேறி வந்தார்கள். இத்தனை நாள் குழாயடியில் இவளுக்கு இடம் விடாதவள் ஒருத்தி, இவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நீலாவதி எல்லோரையும் பார்த்தாள். இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. பழி சுமந்தபோது அது பாதிக்குப் பாதி நியாயம் என்று தாங்கிக்கொண்டவள், இந்தப் புகழைத் தாங்க முடியாமல் முறத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வந்தவர்கள் போன பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது.

ஜகபர் அலி இப்படி நினைத்தார். ராஜாம்பாள் இப்படி நினைக்கிறாள். அப்படியானால் அவர்? தனக்குத் தான் போட்டுக்கொள்ளவில்லை என்று அவருக்குத் தெரியும். தெருப் பூத்தில் ஒன்று விழுந்திருக்கிறது. அந்த ஒன்றைப் பார்த்துவிட்டு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்தார்.

நீ ஒருத்தி போதும் நீலா.

*

கோதண்டராமன் கூட்டம் முடிவதற்குள்ளேயே கொல்லை வழியாக வந்துவிட்டார். வெயில் சாய்ந்து கூடத்துக்குள் நீளமாக விழுந்திருந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி குடு" என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

செம்பைக் கொண்டுவந்தவள் நீலாவதி.

அவர் திகைத்துப்போய் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். ராஜாம்பாள் பதறிக்கொண்டு எழுந்தாள். நீலாவதி செம்பைக் கீழே வைத்துவிட்டு, முக்காட்டைக்கூட இழுத்துவிடாமல் அவருக்கு நேர் எதிரில் நின்றாள்.

"மாமா, அந்த ஓட்டு நான் போட்டது இல்ல."

"தெரியும்மா" என்றார் அவர்.

"எப்படித் தெரியும்?"

அவர் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தார். பிரிக்கவில்லை. விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"நான்தான் போட்டேன்."

ராஜாம்பாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"பூத்துக்குள்ள போற வரைக்கும் மில்லுக்காரருக்குத்தான் போடப்போனேன். மறைப்புக்குப் பின்னால சீட்டப் பிரிச்சா, கடைசியில தராசு. சின்னப் புள்ளையில கடைத் தராசுத் தட்டுல ஏறி உக்காந்துக்கினு ஆட்டிவிடச் சொல்லுவான். நான்தான் ஆட்டிவிடுவேன். கை தன்னால அங்க போயிடுச்சி." அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுல இருக்கிற அத்தினி ஓட்டையும் பொய் சொல்லித் திருப்பிவிட்டுட்டு, என் ஓட்ட மட்டும் அவனுக்குப் போட்டேன். என்னப்போல ஒருத்தன் உண்டா."

நீலாவதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ராஜாம்பாளுக்குப் புரியவில்லை. இரண்டும்தான். ஐந்து வருஷமாக அவளைத் தூங்கவிடாத அந்த வார்த்தை திட்டு இல்லை. அவர் மனசாரச் சொன்னது. அவள் போட்டாள் என்று நம்பி, அந்தச் சந்தோஷத்தில் ரசம் இரண்டாம் தடவை கேட்டிருக்கிறார். அந்த நம்பிக்கை பொய்யானதுதான். இருக்கட்டுமே, ஒரு ராத்திரியாவது அவர் சந்தோஷமாக இருந்தாரே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

"அக்கா, என்னத் திட்டல அவரு" என்றாள். "என்னத் திட்டவே இல்ல."

"அதான பார்த்தேன்" என்று ராஜாம்பாள் மூக்கைச் சிந்தினாள். "மறுநாளு காலையிலகூட சிரிச்சிக்கினுதானே எழுந்தான். 'அண்ணி, காப்பி போடு, அண்ணன் குடோன்ல கூப்புடறாரு, பேசிட்டு வந்துடறேன்'னு போனானே. திரும்பி வந்தப்பதான் மூஞ்சே சரியில்ல. காப்பியும் வேணாம்னுட்டு மலைப் பக்கம் நடந்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது ராஜாம்பாளுக்கே கேட்டது. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

நீலாவதியின் அழுகை நின்றது. சிரிப்பும் நின்றது. தரையில் கையை ஊன்றி எழுந்தாள்.

"குடோன்ல அவர்கிட்ட இன்னா சொன்னீங்க மாமா?"

கோதண்டராமன் செம்பைப் பார்த்தார்.

"அது நீலா போட்டது இல்ல, நான் போட்டதுன்னு சொன்னீங்களா?"

மனோரமா டின்னோடு வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

வெளியிலிருந்து மங்கை கூப்பிட்டாள். "மொதலாளி, பேரு முழுசா வந்துடுச்சி. இன்னொரு பூச்சு அடிக்கட்டுமா?"